காஞ்சிக்குப் போட்ட முதல் பிங்

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை ஓட ஆரம்பித்தபோது, வழியில் 'காலடிப்பேட்டை' என்று ஒரு ஸ்டேஷன் போர்டு முளைத்தது. பக்கத்திலேயே திருவொற்றியூர். பட்டினத்தார் அடங்கிய ஊர், வள்ளலார் நடையாய் நடந்து வந்து கும்பிட்ட ஊர். அப்படியானால் இது எந்த மகானின் காலடி? மன்னிக்கவும். மகான் இல்லை, ஒரு வெள்ளைக்காரர். காலடியும் இல்லை, அவருடைய பெயர்.

ஜோசப் காலெட். 1717 முதல் 1720 வரை மதராஸ் கவர்னர். நெசவாளர்களைக் குடிவைக்க ஒரு பேட்டை அமைத்து அதற்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார். சரித்திரத்தில் நிற்க ஆசை! நம்ம ஜனங்கள் 'காலெட் பேட்டை'யை நாலு தடவை சொல்லிப் பார்த்தார்கள். ஐந்தாவது தடவை அது காலடிப்பேட்டை ஆகிவிட்டது. கவர்னரைக் காலுக்குக் கீழே கொண்டுவர ஒரு புரட்சியும் தேவைப்படவில்லை, நாக்கு போதும்.

ஆசாமிக்குத் தன் மேல் தனக்கே கொஞ்சம் பிரியம் உண்டு. கவர்னர் ஆவதற்கு முன்பே, 1716இல், அமோய் சின்குவா என்ற சீனக் கலைஞரிடம் தன்னையே களிமண் பொம்மையாகச் செய்யச் சொன்னார். விக், கோட்டு எல்லாம் உண்டு. உயரம் மட்டும் மூன்றடிக்குக் கொஞ்சம் கம்மி. அதை இங்கிலாந்தில் இருந்த மகளுக்கு அனுப்பிவைத்தார். இன்றும் லண்டன் நேஷனல் போர்ட்ரெயிட் கேலரியில் நிற்கிறது. யோசித்துப் பாருங்கள், ஒரு செல்ஃபி அப்லோடு ஆகப் பல மாசம். லைக் திரும்பி வர இன்னும் பல மாசம். இவ்வளவு பொறுமை உள்ள மனிதர், நம்ம ஊர் குமாஸ்தா ஒருவர் ஆபீசுக்கு லேட்டாக வந்ததைப் பொறுக்கவில்லை என்கிறது கதை.

இனி வருவது கல்வெட்டு இல்லை, காலடிப்பேட்டை கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலின் செவிவழிக் கதை. கொஞ்சம் சந்தேகம் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

காலெட்டிடம் வேலை பார்த்த வீரராகவன் தினமும் காஞ்சிபுரம் போய் வரதராஜரைச் சேவித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாராம். காஞ்சி இங்கிருந்து சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். போக வர நூற்றைம்பது. இன்றைக்குப் பூந்தமல்லி டிராஃபிக்கில் காரில் போனாலே அரை நாள் லீவு போட வேண்டும். ஆகவே அவர் லேட்டாக வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆபீசுக்கு வந்தார் என்பதுதான் அதிசயம்.

துரை கூப்பிட்டு ஒரு டெஸ்ட் வைத்தார். உன் சாமி மேல் அவ்வளவு பக்தி என்றால், இந்த நிமிஷம் காஞ்சியில் என்ன நடக்கிறது, சொல்லு பார்ப்போம். வீரராகவன் கண்ணை மூடினார். உற்சவத்தில் இன்ன இடத்தில் இன்ன தடங்கல் என்று சொன்னார். தேர் நின்றது என்பார்கள் சிலர், வேறு விதமாகச் சொல்பவர்களும் உண்டு. துரை ஆள் அனுப்பி விசாரித்தார். அத்தனையும் நிஜம்! அசந்துபோன காலெட் இங்கேயே வரதராஜருக்குக் கோயில் கட்டிக் கொடுத்தாராம். பக்திக்கு மெச்சியா, குமாஸ்தா இனிமேலாவது ஒன்பது மணிக்கு வரட்டும் என்றா? இரண்டாவது காரணம்தான் எனக்கு நிர்வாக ரீதியாகப் பிடித்திருக்கிறது.

இப்போது கம்ப்யூட்டர் பையன்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். இங்கே நடந்தது என்ன? ஒருவர் தூரத்து ஊருக்கு ஒரு கேள்வி அனுப்பினார், பதில் வந்தது. அது பிங்! எழுபத்தைந்து கிலோமீட்டர் ஃபைபரில் வெளிச்சம் போய்த் திரும்பவே சுமார் முக்கால் மில்லிசெகண்ட் ஆகும். வீரராகவனின் ரெஸ்பான்ஸ் டைம் பூஜ்யம். இப்படி ஒரு ரிசல்ட் திரையில் வந்தால் நெட்வொர்க் இன்ஜினியர் கோயில் கட்டமாட்டார், சாஃப்ட்வேரைச் சந்தேகப்படுவார்.

சந்தேகப்பட வேண்டிய இடமும் ஒன்று உண்டு. 'இந்த நிமிஷம்' என்றாரே துரை, யாருடைய நிமிஷம்? கவர்னரின் கோட்டையில் ஒரு கடிகாரம், காஞ்சியில் நாழிகைக் கணக்கு. இரண்டையும் யார் ஒத்துப் பார்த்தது? திருவிழா என்றால் பத்து நாளும் எங்கேயாவது ஏதாவது தடங்கும். விசாரிக்கப் போன ஆள் ஒரு நாள் கழித்துப் போய், 'நேத்து ஏதாச்சும் மாட்டிக்கிச்சா சாமி?' என்று கேட்டால், 'மாட்டாம இருக்குமா!' என்றுதான் பட்டர் சொல்வார். கவர்னரின் மானிட்டரிங் சிஸ்டம் பச்சை விளக்கு காட்டிவிட்டது.

நூறு வருஷம் தாண்டுவோம். நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடம், 1792இல் கட்டியது. உள்ளே ஒரு கருங்கல் தூண். தமிழ் உட்படப் பல மொழிகளில் அதில் செதுக்கியிருப்பதன் சாரம் இது: ஆசியாவில் கணித சாஸ்திரத்தை முதன்முதலில் நட்டது பிரிட்டிஷ் தாராள மனசு என்பதை ஆயிரம் வருஷம் கழித்து வருபவர்களும் தெரிந்துகொள்ளட்டும். ஆரியபட்டர் இதைப் படித்திருந்தால் கோபப்பட்டிருக்கமாட்டார், தன் கணக்கையெல்லாம் திருப்பிக் கேட்டிருப்பார்.

ஆனால் அந்தக் கூடத்தில் இருந்த ஜான் கோல்டிங்ஹாம் கெட்டிக்காரர். ராஜாஜி ஹாலைக் கட்டியவரும் அவர்தான். 1820, 21இல் அவர் கையில் எடுத்த கேள்வி: சத்தம் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது? புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை மாலை பீரங்கி வெடிப்பது வழக்கம். ஊருக்கு அது அலாரம். கோல்டிங்ஹாமுக்கு அது ஓசி பாக்கெட்! நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்து, வெளிச்சம் தெரிந்ததிலிருந்து 'டமார்' காதில் விழும் வரை எண்ணினார். கோட்டையிலிருந்து சுமார் பன்னிரண்டு நொடி, பரங்கிமலையிலிருந்து அதைப்போல இரண்டு மடங்கு. கம்பெனி மருந்தை வெடித்தது, விஞ்ஞானம் செலவில்லாமல் வளர்ந்தது.

இதில் இருக்கும் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். கோட்டையில் மணி என்ன, மலையில் மணி என்ன என்று அவருக்குக் கவலையே இல்லை. தொடக்கமும் முடிவும் ஒரே இடத்தில், ஒரே கடிகாரத்தில். காலெட் கோட்டைவிட்டதை இவர் பிடித்துவிட்டார். ஆபத்தும் அங்கேதான் வந்தது. ஒரே கடிகாரம் என்றால் மொத்தப் பாரமும் அதன் தலையில், அதைப் பார்க்கிறவர் தலையில். கடிகாரமோ டிக், டிக் என்று துள்ளித்தான் ஓடும். இரண்டு டிக்குக்கு நடுவே விழுந்த சத்தத்தைக் குத்துமதிப்பாகத்தான் பிரிக்க வேண்டும். போதாக்குறைக்கு வெயில் காலத்தில் சத்தம் வேகமாக ஓடியது, குளிர் காலத்தில் சோம்பியது. கோல்டிங்ஹாம் பீரங்கிக்காரரைத் திட்டவில்லை. வெப்பம், ஈரம், காற்றழுத்தம், காற்று வீசும் திசை எல்லாவற்றையும் பக்கத்திலேயே எழுதி, மாசவாரியாகப் பிரித்து, 1823இல் லண்டனில் பிரசுரித்தார். ஒரே ஒரு தடவை அளந்துவிட்டு மீட்டிங் கூட்டும் வழக்கம் அப்போது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

கடைசிக் கதாநாயகர் மைக் மூஸ், அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்துக்காரர். 1983 டிசம்பரில் நெட்வொர்க் ஏதோ சண்டித்தனம் பண்ண, ஒரே ராத்திரியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியை நினைத்து 'பிங்' என்று பெயர் வைத்தார். விடிய விடிய உட்கார்ந்து முடித்து முதல் பிங்கை அனுப்பத் தயாரானபோது, நெட்வொர்க்கை யாரோ ஏற்கெனவே ரிப்பேர் செய்திருந்தார்கள். உலகப் புகழ்பெற்ற கருவி, பிறந்த அன்று வேலை இல்லாமல் நின்றது. நம்ம வீட்டுப் பட்டதாரி மாதிரி.

இப்போது எண்ணூர் பக்கம் ஏதோ ஒரு சர்வர் ரூம். மானிட்டரிங் திரையில் ஒரு ரூட்டருக்கு நேரே 300 மில்லிசெகண்ட் என்று ஒரே சிவப்பு. மேனேஜர் ஐஎஸ்பிக்குப் போன் போட்டு உறுமுகிறார். மூலையில் ஒரு பையன் தன் லேப்டாப்பில் அதே ரூட்டரைப் பிங் செய்கிறான். 2 மில்லிசெகண்ட். யார் பொய் சொல்கிறார்கள்? யாருமில்லை. கேட்டவருக்குக் காது மந்தம்.

அந்த மானிட்டரிங் பெட்டி ஒரே நேரத்தில் ஐந்நூறு கருவிகளை விசாரித்துக்கொண்டிருக்கும். பதில் வாசலுக்கு வந்து நிற்கும், சிபியூவுக்குத் திரும்பிப் பார்க்க நேரமிருக்காது. பார்த்த நேரத்தைத்தான் வந்த நேரமாக எழுதிக்கொள்ளும். பெயரை ஐபி முகவரியாக மாற்ற எடுத்த நேரத்தையும் சிலது அதே பில்லில் சேர்த்துவிடும். பழைய விண்டோஸ் டைமர் சுமார் 15 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் டிக் அடிக்கும். கோல்டிங்ஹாமின் கடிகாரமேதான், கொஞ்சம் ஸ்பீடு.

எதிர்முனையிலும் ஒரு கூத்து உண்டு. ரூட்டர் என்பவர் துறைமுக கேட் செக்யூரிட்டி மாதிரி. கன்டெய்னர் லாரிகளை மளமளவென்று விடுவார். நடுவில் போய் 'அண்ணே, சௌக்கியமா?' என்று கேட்டால், வேலை ஓய்ந்த பிறகுதான் பதில் சொல்வார். பிங் என்பது அந்தச் சௌக்கியமா. பதில் தாமதமானதால் லாரி நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. அவருக்கு உங்கள் மேல் அவ்வளவு அக்கறை இல்லை, அவ்வளவுதான்.

வைத்தியம் எளிது. அதே பெட்டியில் வயர்ஷார்க் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு, பாக்கெட் நிஜமாக எப்போது போனது, எப்போது வந்தது என்று பாருங்கள். அதில் 2, திரையில் 300 என்றால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். வேறொரு மெஷினிலிருந்து அளந்து பாருங்கள். பெயருக்குப் பதில் ஐபி முகவரியைக் கொடுங்கள். முதல் பிங்கை மன்னித்துவிடுங்கள், அது எதிராளியின் மேக் முகவரியை விசாரிக்கவே பாதி நேரம் செலவழித்திருக்கும். ஐந்நூறு விசாரணையையும் ஒரே நொடியில் நடத்தாமல் பிரித்து விடுங்கள்.

கோல்டிங்ஹாம் மாதிரி மாசக்கணக்கில் எழுதிவைக்கப் பொறுமை இல்லையா, பரவாயில்லை. காலெட் மாதிரி ஒரே பதிலை நம்பிக் கோயில் கட்டாமல் இருந்தால் போதும். திரை சிவந்தால் உடனே காஞ்சிக்கு ஆள் அனுப்பாதீர்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை, காலடியில்தான் இருக்கிறது.