கோட்டுக்கு வெளியே இன்னொரு கோச்

கேள்வி: பெரிய போட்டியின் நடுவே அடிபட்டு வெளியேறும் கால்பந்து வீரர் மனசை எப்படித் தேற்றிக்கொள்வார்?

பதில்: கோச் வேலையைப் பிடுங்கிக்கொள்வார்! 2016 யூரோ இறுதிப் போட்டி. பிரான்ஸின் பயேட் மோதியதில் போர்ச்சுகல் கேப்டன் ரொனால்டோவின் இடது முழங்கால் போச்சு. கட்டுப் போட்டுத் திரும்பிவந்தும் முடியவில்லை. 25ஆவது நிமிடத்தில் கேப்டன் பட்டையைக் கழற்றிவிட்டுப் புல்தரையில் உட்கார்ந்து அழுதார். அன்று மைதானம் முழுக்க விட்டில் பூச்சிகள். அதில் ஒன்று கண்ணோரம் வந்து உட்கார்ந்தது. எத்தனையோ டிஃபெண்டர்களை உதறியவருக்கு அதை விரட்டத் தெம்பில்லை.

ஸ்ட்ரெச்சரில் போனவர் அறையில் போய்ப் படுத்தாரா? கூடுதல் நேரத்தில் கட்டுப் போட்ட காலோடு கோட்டோரம் நொண்டி நொண்டி வந்து கத்திக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் கால் சுளுக்கிய பெரியப்பா நாற்காலியில் இருந்தபடியே பந்தியை நடத்துவாரே, அதே தினுசு. நிஜ கோச் சான்டோஸ் பக்கத்தில் பாவமாக நின்றார். மாற்று வீரராக இறங்கிய எதேரிடம், ‘ஜெயிக்கிற கோல் உன்னுடையதுதான்’ என்று வேறு ரொனால்டோ சொல்லியனுப்பியிருந்தார். 109ஆவது நிமிடத்தில் அதுவும் பலித்தது. போர்ச்சுகல் 1-0.

பரிசளிப்பு மேடையில் கோப்பையைத் தூக்கியது யார் என்கிறீர்கள்? கையில் அடிபடவில்லையே!