தனிமை கிடைக்காத ஊர்

கேள்வி: அயர்லாந்தில் ஒரு குட்டிக் கிராமத்தில் போய்க் குடியேறினால் வாழ்க்கை எப்படி இருக்கும்?

பதில்: தனிமை தேடித்தான் போகிறீர்கள் என்றால் டப்ளினிலேயே இருந்துவிடுங்கள். கிராமத்தில் யார் வீட்டுக்கு யார் வந்தார் என்பது வந்தவருக்கு முன்பே ஊருக்குத் தெரியும். 2015-இல் ‘ஏர்கோட்’ என்ற அஞ்சல் குறியீடு வரும்வரை பெயரும் ஊரும் எழுதினாலே போதும், தபால்காரர் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். எதிரே வரும் காரோட்டி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார்; அதுதான் வணக்கம். பதிலுக்கு உயர்த்தாதவர் தலைக்கனம் பிடித்தவர்!

சாவு என்றால் ஊரே திரளும். இறந்தவர்களின் பெயர்களை உள்ளூர் வானொலியில் தினமும் வாசிப்பார்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று நாளில் அடக்கம். அதிகம் பழகாதவர்கூட வரிசையில் நின்று கைகுலுக்கிவிட்டு, தேநீரும் சாண்ட்விச்சும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். சில ஊர்களில் பப் நடத்துபவரே இறுதிச் சடங்குக்கும் ஏற்பாடு செய்வார். ஊற்றிக் கொடுத்தவரே பெட்டியும் கொடுக்கிறார். வாடிக்கையாளரைக் கடைசிவரை கைவிடாத தொழில்!

மழை? அதெல்லாம் பழகிவிடும். கார் மட்டும் அவசியம். பஸ்ஸை நம்பினால் பல ஊர்களில் அடக்கம் முடிந்தபிறகுதான் போய்ச் சேருவீர்கள்.