வியூஃபைண்டரை நம்பிக் கெடுவது எப்படி?

கண்ணால் கண்டதே மெய் என்பவரா நீங்கள்? டிஎஸ்எல்ஆர் கேமரா உங்களுக்கென்றே செய்தது. கீழே உள்ளபடி நடந்தால் போதும்.

1. அப்பர்ச்சரை எஃப்/16-இல் வையுங்கள். வியூஃபைண்டரில் பின்னணி குழைந்து அழகாகத் தெரிகிறதா? யோசிக்காமல் கிளிக் செய்யுங்கள். எந்த எண்ணில் வைத்தாலும், பார்க்கும்போது லென்ஸ் முழுக்கத் திறந்தே இருக்கும். படம் விழும் நொடியில்தான் அப்பர்ச்சர் இதழ்கள் சுருங்கி, பின்னணியும் தெளியும். கண்ணில் படாத விளக்குக் கம்பம், படத்தில் மாப்பிள்ளை தலையில் கொம்பு முளைத்தாற்போல் நிற்கும்.

2. லென்ஸ் மாட்டும் இடத்தருகே சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். அது டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவியூ; எவ்வளவு ஆழம் தெளிவாக விழும் என்று முன்கூட்டியே காட்டுவது. அழுத்தினால் இதழ்கள் சுருங்கி, வியூஃபைண்டர் இருட்டும். எஃப்/2.8-இலிருந்து எஃப்/16-க்குப் போனால் வெளிச்சம் 32-இல் ஒரு பங்கு. கேமரா போச்சு என்று பதறி உடனே விரலை எடுத்துவிடுங்கள். கொஞ்சம் பொறுத்தால் கண் பழகி, கம்பம் தெரிந்துவிடும் அபாயம் உண்டு.

3. கடன் வாங்கியாவது 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் வாங்குங்கள். ஆட்டோஃபோகஸ் கேமராக்களில், வியூஃபைண்டரில் நாம் பார்க்கும் பிம்பம் விழும் ஃபோகஸிங் ஸ்கிரீன் பளிச்சென்று தெரிவதற்காகச் செய்தது. லென்ஸின் ஓரத்திலிருந்து சாய்ந்து வரும் கதிர்களில் பெரும்பகுதி அதில் கண்ணுக்கு வந்து சேராது. அதனால் பிரிவியூ பொத்தானை அழுத்தியபடி 1.4, 2, 2.8 என்று திருப்பினாலும் திரையில் மாற்றமே தெரியாது. ஒரு மீட்டர் தூரத்து முகத்தில், ஃபுல் ஃபிரேமில், எஃப்/1.4 தரும் தெளிவின் ஆழம் சுமார் 3 செ.மீ.தான். திரையிலோ அதில் இரண்டு பங்கு தெரியும். பார்க்கையில் கண்ணும் மூக்கு நுனியும் தெளிவு. படத்தில் மூக்கு நுனி காலி.

4. இந்தக் குறையைத் தீர்க்கவென்றே கேனான் தன் 5டி கேமராவுக்கு ஈஇ-எஸ் என்ற தனி ஸ்கிரீனை விற்றது. வாங்கிவிடாதீர்கள். எஃப்/5.6 லென்ஸ் போட்டால் இருட்டடிக்கும் என்ற சாக்கு கைவசம் இருக்கிறது.

5. வசதி இருந்தால் லைக்கா எம்-க்கு மாறுங்கள். அதன் வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை. எந்த அப்பர்ச்சரிலும் எல்லாமே தெளிவு. எதுவரை தெளிவாக விழும் என்று காட்ட லென்ஸின் மேல் பொறித்திருக்கும் அளவுகோலை மட்டும் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை: எடுத்த படத்தைப் பின்பக்கத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கக் கூடாது. பார்த்தால், மேற்படி வழிகள் ஒன்றும் பலிக்காது.