கால் சவரன் பாரம்

எங்கள் வீட்டில் பொழுது விடிவதற்குச் சூரிய பகவானைப் பெரிதாக நம்பியிருப்பதில்லை. ஐந்தரை மணிக்கு நான் எழுந்து, கால் முகம் கழுவி, சிவப்புக்கரைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, 1963-ஆம் வருஷத்தில் வெளிவந்த எம். எஸ். சுப்புலக்ஷ்மி அம்மாளின் வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டைப் பழைய ஜப்பானிய ரிகார்டு பிளேயரின் மேல் வைத்து, முள்ளை இறக்கினால்தான் விடிந்ததாக அர்த்தம். அந்தத் தட்டின் நடுவாந்தரத்தில் ஒரு கீறல் உண்டு. அது, இன்று அயல்தேசத்தில் பெரிய உத்தியோகம் பார்க்கும் என் புத்திரன் மூன்று வயதில் தேங்காய் மூடியை வைத்துச் செய்த கைங்கரியம். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகிறதாகையால், அந்த இடைவெளி பிசகாமல் 'டக், டக், டக்' என்று மூன்று முறை சப்தம் கேட்கும். சங்கீத ரசிகர்களுக்கு அது அபசாரமாகப் படலாம். ஆனால் அடுக்களையில் என் மனைவி பாலைப் பொங்க விடாமல் அடுப்பைத் தணிப்பது அந்த மூன்றாவது 'டக்'கைக் கேட்டுத்தான் என்பதால், எங்கள் குடும்பத்தில் அந்தக் கீறலுக்கு ஒரு கடிகாரத்திற்குரிய மரியாதை உண்டு.

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் அந்த 'டக்' வரவில்லை. முள் தட்டின் பாதியை ஒரே வழுக்கலில் கடந்துபோய் நடுவில் ஒட்டியிருக்கும் காகித வட்டத்தின் மேல் நின்று கரகரத்தது. அதைத் தூக்கி மறுபடி முதலில் வைத்தபோது அம்மாளின் குரல் மண்பானைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. ஸகாரம் வரும் இடமெல்லாம் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சீறிற்று. அடுக்களையில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

"என்னங்க, அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சா?" என்று என் மனைவி கரண்டியுடன் வந்தாள்.

"அடுத்த வீட்டுப் பூனை நேற்று இந்தப் பக்கம் வந்தாற்போல் இருந்தது" என்றேன் நான்.

வாசகர்களிடம் மறைப்பானேன்? முதல் நாள் இரவு, மூடியைத் திறந்து தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று குனிந்தபோது, என் துண்டின் நுனி எதிலோ சிக்கி, நான் வெடுக்கென்று இழுத்து, 'டிக்' என்று மிக நாசூக்கான ஒரு சப்தம் கேட்டது எனக்கு மட்டுமே தெரியும். தபால் தலைகள் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து பரிசீலித்ததில், முள்ளைத் தாங்கி நிற்கும் மயிரிழை போன்ற அலுமினியக் குழல், போலீஸ்காரரைக் கண்ட சைக்கிள்காரன்போல் ஒரு பக்கமாக ஒடிந்து திரும்பியிருந்தது.

இருந்தாலும் துண்டு ஒரு நிமித்தந்தான் என்று என் மனச்சாக்ஷிக்கு நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். இருபது நிமிஷம் ஓடும் ஒரு பக்கத்தின் வரிப்பள்ளத்தை நீட்டிப் பிடித்தால் 430 மீட்டர் சொச்சம் வருகிறது. பதினான்கு வருஷங்களாகத் தினம் ஒரு பக்கம் என்றால் 2,200 கிலோமீட்டர். அதாவது, சென்னையிலிருந்து ஏறக்குறையக் காசி வரையில் அந்த வைரத்துணுக்கு வெறுங்காலோடு நடந்து தீர்த்திருக்கிறது. 500 முதல் 1,000 மணி நேரத்திற்குள் மாற்றிவிட வேண்டும் என்று செய்தவர்களே சொல்லியிருக்க, நான் 1,700 மணி நேரம் உழைப்பு வாங்கியிருக்கிறேன். காசிக்குப் போய்ப் பிராணனை விட்டவருக்காகத் துக்கப்படுவது சாஸ்திர சம்மதமல்ல.

ஆனால் அடுத்த முள்ளுக்கு என்ன செய்வது? மூக்குக் கண்ணாடியை மாற்றும்படி வைத்தியர் சொல்லி, அதற்கென்று ஐயாயிரம் ரூபாய் எடுத்து வைத்திருந்தோம். என் மனைவி ஒரு கணம் யோசித்து, "கண் ஒரு மாசம் பொறுக்கும்; சுப்ரபாதம் பொறுக்காது" என்று நிதி மந்திரியைப்போல் ஓர் இலாகாவிலிருந்து மற்றோர் இலாகாவுக்குப் பணத்தை மாற்றினாள். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்பது அந்த மசோதாவின் கடைசி ஷரத்து.

மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போய், முதலில் கண்ணில் பட்ட கடையில், "ஒரு கார்ட்ரிட்ஜ் வேண்டும்" என்றேன். அங்கிருந்த பையன் தலையை நிமிர்த்தாமலே, "எந்தப் பிரிண்டர், சார்? கறுப்பு மையா, கலரா?" என்றான். இசைத்தட்டுக்கு என்று நான் விளக்கியதும் அவன் நிமிர்ந்து பார்த்த பார்வையில், நான் பல்லக்குக்குச் சக்கரம் கேட்டவனாகத் தோன்றியிருக்க வேண்டும். ஐந்தாறு கடைகள் ஏறி இறங்கிய பின், உள்ளே தள்ளியிருந்த ஒரு கடையில், ஸ்டூலின் மேல் ஸால்டரிங் இரும்பும் கையுமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் முள்ளைத் தாங்கும் என் பழைய கார்ட்ரிட்ஜை வாங்கி, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் விரலால் தடவி, "ஷூர். நல்ல சாதிச் சரக்கு, சார். ஆனால் அந்தச் சிகாகோ கம்பெனிக்காரன் 2018-இலேயே கார்ட்ரிட்ஜும் வேண்டாம், முள்ளும் வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டான். இனிமேல் கிடைப்பதெல்லாம் பழைய இருப்பு, இல்லாவிட்டால் அது மாதிரி. 'மாதிரி'யை நான் விற்பதில்லை. புதிசாக முழுசாகப் போட்டுவிடுங்கள்" என்றார். விற்கக்கூடியதை விற்க மாட்டேன் என்று சொன்ன ஒரு வியாபாரியை அன்றுதான் கண்டேன்.

'புதிசாக முழுசாக' என்று அவர் சொன்ன இரண்டே வார்த்தைகளுக்குள் எத்தனை வேதாந்தம் அடங்கியிருக்கிறதென்பது, தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற என் நண்பரிடம் யோசனை கேட்டபோதுதான் தெரிந்தது. கார்ட்ரிட்ஜ்களில், காந்தம் அசையக் கம்பிச்சுருள் சும்மா இருப்பது ஒரு மதம். காந்தம் சும்மா இருக்கக் கம்பிச்சுருள் அசைவது மற்றொரு மதம். முன்னது நாலைந்து மில்லிவோல்ட் மின்சாரம் தரும். பின்னதில் பெரும்பாலானவை அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் தரும். ஆனால் விலையில் பத்துப் பங்கு கேட்கவும் கூசாது. குறைவாகக் கொடுத்து அதிகமாகக் கேட்பதே உயர்குலத்தின் லக்ஷணம் என்பதால் என் நண்பர் இரண்டாவது மதத்தில் தீக்ஷை பெற்றவர். 1960-களில் ஜப்பானிய வானொலியான என்.எச்.கே.க்காக உருவாக்கப்பட்டு இன்றளவும் விற்பனையிலிருக்கும் டெனான் டி.எல்.103 என்பது அவருடைய இஷ்டதெய்வம்.

"அதை வாங்கிவிடுங்கள். ஜன்ம சாபல்யம்" என்றார்.

"என் ஆம்ப்ளிஃபயர் அந்தச் சொற்ப மின்சாரத்தைக் கேட்டு மசியுமா?"

"அதற்கென்று ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அதையும் வாங்கிவிடுங்கள்."

"என் பிளேயரின் கைக்கு அது பொருந்துமா?"

இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. நண்பர் உடனே காகிதமும் பென்சிலும் எடுத்து ஜாதகப் பொருத்தம் பார்க்க உட்கார்ந்துவிட்டார். முள்ளைத் தாங்கும் கைக்கு ஒரு எடை உண்டு. முள்ளின் அடியிலுள்ள ரப்பருக்கு ஒரு நெகிழ்வு உண்டு. இவ்விரண்டும் சேர்ந்து தமக்கென்று ஓர் அதிர்வை வைத்துக்கொள்கின்றன. அது விநாடிக்கு 8-க்குக் கீழே போனால் நெளிந்த தட்டும் வீட்டில் நடப்பவர்களின் காலடியும் முள்ளைத் தூக்கியடிக்கும். 12-க்கு மேலே போனால் மிருதங்கத்தின் தொப்பிக்கு அருகே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே நடுவே பத்து என்பது உத்தமப் பொருத்தம். எடையையும் நெகிழ்வையும் பெருக்கி, அதற்கு வர்க்கமூலம் கண்டு, அதனால் 159-ஐ வகுக்க வேண்டும் என்றார் நண்பர். வகுத்தும் பார்த்தார். அவருடைய மாப்பிள்ளையின் ரப்பர் முறுக்கானது. கனத்த கை வேண்டும். என் பிளேயரின் கையோ மெல்லியது. நான் ஆறுதலாக மூச்சு விட்டேன். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராத இடத்தில் ஜாதகம் செய்கிற உபகாரம் அளவிடற்கரியது.

பணத்துக்கும் ஜாதகத்துக்கும் இடையில் மிஞ்சியவை சில. டென்மார்க்கில் 1918-இல் தோன்றிய ஆர்ட்டோஃபான் கம்பெனியின் 2எம் ரெட் ஒன்று. சிவப்பு முகம், நல்ல பெயர், ஆனால் எங்கள் மசோதாவின் கடைசி ஷரத்தைத் தாண்டி நின்றது. ஜப்பானிய ஆடியோ-டெக்னிக்காவின் வி.எம்.95 வரிசை மற்றொன்று. இதில் ஒரு சௌகரியம் என்னவென்றால், உடம்பு ஒன்றே. முள்ளை மட்டும் கையால் உருவி வேறு முள்ளைச் சொருகிக்கொள்ளலாம். நீல முள் கூம்பு வடிவம். பச்சை முள் நீள்வட்டம். அதற்கு மேல் ஆரஞ்சு, சிவப்பு என்று வர்ணம் மாற மாற முனை கூர்மையாகி விலையும் கூர்மையாகிறது. வீடு ஒன்று, குடித்தனக்காரரை வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம் என்கிற ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

நீலமா, பச்சையா என்பதில் நான் இரண்டு இரவுகள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன். தட்டின் மூலத்தை வெட்டும் உளி தட்டையானது. ஆகையால் அதன் சுவடுகளை உருண்டை முனையைக் காட்டிலும் ஒடுங்கிய முனையே நுட்பமாகத் தொடரும். முக்கியமாகத் தட்டின் உள்வட்டத்தில், பள்ளம் முள்ளைக் கடந்து ஓடும் வேகம் விநாடிக்கு 50 சென்டிமீட்டரிலிருந்து 20-க்குக் குறைந்து, ஸகாரங்களெல்லாம் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில், வித்தியாசம் தெளிவாகத் தெரியும். இது சத்தியம். ஆனால் தேய்ந்த முள்ளால் பதினான்கு வருஷம் உழப்பட்ட என் தட்டில், நுட்பமான முனை புதிதாக எதைக் கண்டுபிடித்துச் சொல்லப் போகிறது? நான் செய்த பாவங்களைத்தானே? கூம்பு முனை சற்று மந்தபுத்தி. பள்ளத்திலுள்ள சின்னஞ்சிறு காயங்களை அவ்வளவாகக் கவனிக்காது. பொருத்துவதில் ஒரு சிறு கோணல் இருந்தாலும் கோபித்துக்கொள்ளாது. வயதான தட்டுக்கும் வயதான காதுக்கும் இடையே தூது போக இப்படிப்பட்ட ஆசாமிதான் தகுந்தவர் என்று நீலத்தையே தீர்மானித்தேன்.

"கூம்பு முனையா? அது ஆரம்பப் பாடசாலை அல்லவா!" என்று நண்பர் முகத்தைச் சுளித்தார்.

"உங்கள் டி.எல்.103-இன் முனை என்ன வடிவம்?" என்று கேட்டேன். அதுவும் கூம்புதான் என்பதை முதல் நாள் இரவு படித்து வைத்திருந்தேன். நண்பர் பேச்சை மாற்றி, காபியில் சர்க்கரை தூக்கல் என்றார்.

பெரியவர் தருவித்துக் கொடுத்த டப்பாவைத் திறந்தபோதுதான் மூக்குக் கண்ணாடிப் பணத்தைச் செலவழித்துவிட்ட விபரீதம் விளங்கிற்று. அரை அங்குல இடைவெளியில் இரண்டு திருகாணிகள். எள்ளுக்கு அண்ணன் என்று சொல்லத்தக்க இரண்டு மறைகள். தலைமயிருக்குத் தம்பியான நான்கு கம்பிகள். அவற்றில் வெள்ளையும் நீலமும் இடது காதுக்கு, சிவப்பும் பச்சையும் வலது காதுக்கு. பழைய கண்ணாடியில் எனக்கு வெள்ளையும் சிவப்பும் தெரிந்தன. மற்ற இரண்டும் பாசிக்குளம்போல் ஒரே நிறமாக இருந்தன. முதல் பத்து நிமிஷத்தில் ஒரு மறை தரையில் விழுந்து தலைமறைவாயிற்று. துடைப்பத்தால் பெருக்கி, குப்பையைச் சலித்து, கடைசியில் அது என் வேட்டி மடிப்பிலேயே சுகமாக இருக்கக் கண்டோம். "தள்ளு தாத்தா" என்று பதினோரு வயதுப் பேத்தி, புருவம் திருத்தும் இடுக்கியை எங்கிருந்தோ எடுத்து வந்து, நான்கு கம்பிகளையும் நான்கு நிமிஷத்தில் சொருகினாள். அச்சடித்த அளவுகோல் காகிதத்தைத் தட்டின் இடத்தில் விரித்து, அதிலுள்ள இரண்டு புள்ளிகளிலும் முள் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற வேலையையும் அவளே செய்தாள்.

பாரம் வைப்பது மட்டும் பாக்கி. கையின் பின்புறமுள்ள எடைக்கட்டியைத் திருகி முள்ளின் மேல் இரண்டு கிராம் இறக்க வேண்டும். குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்பது பாமர நம்பிக்கை. குறைந்தால் முள் பள்ளத்தில் நிலைகொள்ளாமல் குதித்துக் குதித்து இன்னும் அதிகமாகக் காயப்படுத்தும். இதையெல்லாம் நான் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, என் மனைவி, "இரண்டு கிராம் என்றால் கால் சவரன்" என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். ஆயுளில் எத்தனையோ காதணித் திருகாணிகளுக்கும் மொய்த் தங்கத்துக்கும் நகைக்கடைத் தராசைப் பார்த்துப் பழகிய கண் அது. அந்தக் கால் சவரனும் மைக்ரான் கணக்கான ஒரு முனையின் மேல் நிற்பதால், சதுர சென்டிமீட்டருக்குக் கணக்கிட்டால் பாரம் டன் கணக்கில் வரும் என்று நான் சொன்னேன். "தங்கத்தின் பாரம் எனக்குத் தெரியாதா?" என்றாள்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு முள்ளை இறக்கினேன். பானைக்குள்ளிருந்த குரல் வெளியே வந்து கூடத்தில் நின்றது. கூடப் பாடும் ராதா விசுவநாதனின் குரல் இத்தனை வருஷமாக ஒரு நிழல்போல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அது தனியாக, இடது பக்கமா வலது பக்கமா என்று என்னைத் தேட வைக்காமல், அம்மாளின் குரலை ஒட்டிக்கொண்டே தெளிவாக வந்தது. நடுவாந்தரத்தில், என் புத்திரனின் கைங்கரியம் சற்றும் வீரியம் குறையாமல், 'டக், டக், டக்' என்று ஒலித்தது. அடுக்களையில் அடுப்பு தணிந்தது.

காபியுடன் வந்தவள், மேஜையின் மேல் கிடந்த பழைய கார்ட்ரிட்ஜை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒடிந்த குழலின் முனையில், அரை அங்குலத்துக்கு, ஒரு சிவப்பு நூல் சுற்றிக்கொண்டிருந்தது. பூனையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, என் தோளில் கிடந்த துண்டை மெதுவாக உருவிக் கொண்டுபோய்க் கொடியில் போட்டாள்.