அருவி இன்ஸ்டாவில், ஊர் வாட்ஸ்அப்பில்!

கேள்வி: சுற்றுலா வருபவர்கள் எங்கள் அருவியை இன்ஸ்டாகிராமில் போட்டுத் தள்ளுகிறார்கள். ஊர்க்காரர்களோ வாட்ஸ்அப் குழுவை விட்டு நகர்வதில்லை. ஏன் இந்த வித்தியாசம்?
– வாசகர், கிளியூர், ஏற்காடு

பதில்: வந்தவருக்கு, வந்ததை ஊருக்குச் சொல்ல வேண்டும். இருப்பவருக்கு, 20 கொண்டை ஊசி வளைவிலும் மண் சரியாமல் சேலத்துக்கு பஸ் போகிறதா, மிளகு என்ன விலை என்று தெரிய வேண்டும். ஒரே போன்தான், தேவை வேறு!

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் பிரேசில் முதல் சீனா வரை ஒன்பது இடங்களில் மாதக்கணக்கில் தங்கி இதைத்தான் கவனித்தார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர் ஸ்ரீராம் வெங்கட்ராமன். சென்னைக்கு அருகே ஓரிடத்துக்குப் 'பஞ்சகிராமி' என்று புனைபெயரிட்டு அவர் எழுதிய நூல் 2017-ல் வந்தது. உறவு, சாதி, வசதி, ஆண்-பெண் கட்டுப்பாடு எல்லாம் வீட்டு வாசலைத் தாண்டி ஃபேஸ்புக்குக்குள்ளும் அப்படியே குடியேறியிருப்பதை அதில் காணலாம். அண்ணனுக்கு வாங்கித் தரும் போனை தங்கைக்கு மறுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. செயலியை எத்தனை முறை அப்டேட் செய்தாலும் அது மாறாது. வீட்டைத்தான் அப்டேட் செய்ய வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கிளியூர் அருவிக்கு ஏற்காடு ஏரியின் உபரி நீர்தான் ஆதாரம். மழைக்கால வீடியோவைப் பார்த்துவிட்டுக் கோடையில் குடும்பத்தோடு வருபவர், பாறையைப் பார்த்துத் திகைக்கிறார். வறண்ட அருவியையும் தேதி போட்டு நீங்களே பதிவிடுங்கள். இன்று தண்ணீர் எவ்வளவு என்று உங்களை விட யாருக்குத் தெரியும்?