பேயைப் பேர் கேளு, மாப்ளே

மாப்ளே, எங்கக்கா, அதான் உங்கம்மா, நேத்து வந்து திண்ணையில உக்காந்து ஒரு மூச்சு அழுதுட்டுப் போச்சு. நீ ராத்திரியெல்லாம் மாடியில பாயைப் போட்டுப் பொரண்டுக்கினே இருக்கியாம். விடிஞ்சதும் ஒரகடம் போற கம்பெனி பஸ்ஸுல ஏறித் தூங்கறியாம். அதுகூடப் பரவாயில்ல, கண்ணாடி முன்னாடி நின்னு நீயே உன்கிட்டப் பேசறியாம். மேல்மலையனூருக்குக் கூட்டிக்கினு போகட்டுமான்னு கேட்டுச்சு. அவனுக்குப் பேயும் இல்ல பிசாசும் இல்ல, திண்டிவனத்துல கல்யாண மண்டபத்துல ஆழ்மனசுப் பயிற்சிக்குப் போய்ட்டு வந்தான், அதான்னு சொல்லி அனுப்பி வச்சேன்.

காசு கட்டிப் போனவன் சொன்னதைச் செய்யத்தானே வேணும். "நான் அமைதியானவன், நான் வெற்றியாளன்"னு காலையில நூறு வாட்டி சொல்லணுமாமே. சொல்லு, வேணான்னு சொல்லல. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். கேட்டுக்கினு இருக்கிற அந்த ஆழ்மனசு, நீ பொறந்த நாள்ல இருந்து உன்கூடவே குடியிருக்குது. பிளஸ் டூ மார்க்கு வரைக்கும் அதுக்குத் தெரியும். நீ சொல்றதை நம்புமா?

எம் பேத்தி சைக்காலஜி படிக்குது இல்ல, அதுகிட்ட விசாரிச்சேன். கனடாவுல வாட்டர்லூன்னு ஒரு பல்கலைக்கழகம். ஜோஆன் வுட்னு ஒரு அம்மாவும் அவங்க கூட்டாளிங்களும் 2009-ல இதையே சோதிச்சுப் பாத்திருக்காங்க. "நான் அன்புக்கு உரியவன்"னு திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னா, ஏற்கெனவே தன்னைப் பத்தி நல்லா நினைக்கிறவங்களுக்குக் கொஞ்சமா லாபம். தன்னைத் தாழ்வா நினைக்கிறவங்களுக்கு, சொல்லாம இருந்ததைவிட மனசு இன்னும் கெட்டுப்போச்சாம். ஏன்னா சொல்லச் சொல்ல உள்ள இருந்து ஒருத்தன் "யாரு, நீயா?"ன்னு கேக்கறான். நீ காசு கட்டி அவனுக்கு மைக்கு வாங்கிக் குடுத்துட்டு வந்திருக்கே.

அடுத்து, கெட்ட நினைப்பு வந்தா உடனே வெரட்டணும்னு பயிற்சி குடுத்த அந்தக் கோட்டு போட்ட ஆளு சொன்னாராமே. மருந்து குடிக்கறப்ப குரங்கை நினைக்காதேன்னு வைத்தியர் சொன்ன கதை உனக்குத் தெரியும். அதுவரைக்கும் அந்த மனுசன் குரங்கை நினைச்சே இருக்க மாட்டான். அப்புறம் கிண்ணத்தைத் தூக்கறப்பெல்லாம் குரங்கு வந்து பக்கத்துல உக்காந்துக்குச்சு. அமெரிக்காவுல டேனியல் வெக்னர்னு ஒரு வாத்தியார் 1987-ல இதையே செஞ்சு பேர் வாங்கிட்டாரு. குரங்குக்குப் பதிலா வெள்ளைக்கரடி. அஞ்சு நிமிசம் கரடியை நினைக்காதே, நினைச்சா மணி அடின்னாரு. நிமிசத்துக்கு ஒரு தடவைக்கு மேலயே அடிச்சிருக்காங்க. அதோட விட்டுதா? அடக்கி வச்சவங்களுக்கு, இப்ப நினைச்சுக்கோன்னு சொன்னதும், மொதல்லயே நினைச்சவங்களைவிட அதிகமா கரடி வந்துச்சு. அவரே ஒரு வழியும் பாத்தாரு. கரடி வந்தா ஒரு சிவப்பு வோக்ஸ்வேகன் காரை நினைச்சுக்கோன்னு சொன்னவங்களுக்குத் தொல்லை கொறஞ்சுச்சு. நீ காருக்கு எங்க போவே? உங்கப்பன் டிராக்டரும் செவப்புதான், அதை நினை. தவணை பாக்கி ஞாபகத்துக்கு வந்தா நான் பொறுப்பில்ல.

நான் சொல்ல வந்தது வேற. மேல்மலையனூருக்கு நீ போனதே இல்லியா? அமாவாசை ராத்திரி ஸ்பெஷல் பஸ்ஸுல கூட்டத்தோட நசுங்கிப் போய், நடுராத்திரி அங்காளம்மன் ஊஞ்சல் பாத்துட்டு, எலுமிச்சம்பழத்தோட வந்து வல்லத்துல இறங்கறாங்களே நம்ம சனங்க. நம்ம செஞ்சிப் பக்கத்துல பேயோட்டறது எப்படின்னு இசபெல் நபோகோவ்னு ஒரு அம்மா வந்து தங்கி, கூடவே இருந்து பாத்து, 2000-ல புத்தகமே போட்டுட்டாங்க. நாம பக்கத்துலயே இருக்கோம், உத்துப் பாக்கல.

பேயோட்டப் பம்பைக்காரர் வந்தா மொதல்ல என்ன பண்றாரு? எடுத்ததுமே பேயை ஓடுன்னு சொல்ல மாட்டாரு. பம்பையை அடிச்சு, பாட்டுப் பாடி, ஆட விட்டு, நைசாப் பேச்சுக் குடுப்பாரு. நீ யாரு, உன் பேரென்ன? எங்க புடிச்சே, கெணத்தடியிலயா, சுடுகாட்டு வழியிலயா? உனக்கு என்ன வேணும்? பேரைச் சொல்ற வரைக்கும் விட மாட்டாரு. பேர் வந்தப்புறம்தான் மத்ததெல்லாம். உச்சிமயிரு ஒரு கொத்து எடுத்து, கல்லைச் சொமக்க வச்சு ஓட விட்டு, புளியமரத்துல ஆணி அடிச்சு முடிப்பாங்க. பேய் இருக்குதா இல்லியான்னு என்கிட்ட வம்புக்கு வராதே. கேள்வி கேக்கற முறையை மட்டும் பாரு.

ஏன்னா ஆரோன் பெக்குன்னு ஒரு டாக்டர் இருந்தாரு, 2021-ல நூறு வயசுல செத்தாரு. பிலடெல்பியாவுல 1960-கள்ல மனச்சோர்வு வந்தவங்களைப் பாத்துக்கினு இருந்தப்ப ஒண்ணு கண்டுபுடிச்சாரு. அவங்க மனசுல, அவங்களுக்கே தெரியாத வேகத்துல, தானா ஒரு நினைப்பு ஓடுது. அதைப் பிடிச்சு நிறுத்தி, இதுக்கு என்ன சாட்சின்னு கேக்கப் பழக்கினாரு. பம்பை மட்டும்தான் அவருகிட்ட இல்ல.

நீயும் கேளு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்துல மல்லாட்டைக்கு டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7-னு எத்தனை வருசமா ரகம் விட்டாங்க. நீ ஒரே ராத்திரியில அதைவிட அதிக ரகத்துல கவலை விடுறே. அதுல ஒண்ணை எடு. பேரென்ன? "வேலை போயிடும்." எங்க புடிச்சுது? சூப்பர்வைசர் காலையில வணக்கத்துக்குப் பதில் சொல்லல. அந்த ஆளு பல்வலின்னு மத்தியானமே லீவு போட்டுப் போனாருன்னு நீதானே டீக்கடையில சொன்னே? அதையும் எழுது. பேப்பர்ல நடுவுல ஒரு கோடு. இந்தப் பக்கம் சாட்சி, அந்தப் பக்கம் எதிர்சாட்சி. மனசுக்குள்ளயே பண்ணிடறேன்னு சொல்லாதே. மனசுக்குள்ள கணக்குப் போட்டா ஜெயிக்கறது எப்பவும் பேய்தான்.

அதுக்கு அடியில இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கும். "என்னால எதையும் சமாளிக்க முடியாது." இதான் மூத்த பேய், நீ சின்னப் பையனா இருந்தப்பவே ஏறி உக்காந்தது. இதுக்கு எதிர்சாட்சி நான் சொல்றேன். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல், மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டருக்கு மேல கொட்டிச்சு. நம்ம கழனியெல்லாம் முங்கிச்சு. அந்த வாரம் உன் கவலை என்ன? கல்யாண ஆல்பத்துல மீசை சரியா விழல. புயல் உன் பட்டியல்லயே இல்ல. ஆனா தண்ணி ஏறினதும் மண்வெட்டியைத் தூக்கிக்கினு போய் வரப்பை வெட்டி விட்டவன் யாரு? மாட்டை மேட்டுக்கு ஓட்டினது யாரு? விடிஞ்சு வந்து கூழைக் குடிச்சுட்டு, ஈரத் துண்டோட கொறட்டை விட்டுத் தூங்கினே. தெரு முழுக்கக் கேட்டுச்சு.

இதை எழுதிட்டு, கீழ வெற்றியாளன் கிற்றியாளன்னு போடாதே. "வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். போனா ரெண்டு மூணு மாசம் இழுபறிதான். டிராக்டர் ஓட்டத் தெரியும்." இவ்வளவுதான். ஆழ்மனசு இதை நம்பும், அதுக்கும் தெரிஞ்ச விசயம்தானே. ஒருநாள் எழுதினா போயிடாது. மறுபடி வரும், மறுபடி எழுது. முடிஞ்ச சீட்டைக் குத்தி வைக்கப் புளியமரம் தேடாதே, மோட்டார் கொட்டாயில ஆணி இருக்குது.

கவலைப்படாம இருன்னும் நான் சொல்லல, உன் பொழப்பைக் கெடுப்பேனா? போர்கோவெக்குன்னு ஒருத்தரும் அவங்க ஆளுங்களும் 1983-லயே எழுதி வச்சிருக்காங்க, கவலைக்குன்னு தினம் அரை மணி ஒதுக்கு, ஒரே எடம், ஒரே நேரம். உனக்குச் சாயங்காலம் ஆறு மணி, மோட்டார் கொட்டாய். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒண்ணு வந்து கதவைத் தட்டினா, "ஆபீஸ் மூடியாச்சு, நாளைக்கு ஆறு மணிக்கு வா"ன்னு சொல்லு. நம்மளை எத்தனை ஆபீஸ்ல அப்படி அனுப்பியிருக்காங்க, நீயும் ஒருத்தனை அனுப்பிப் பாரேன். ஆறு மணிக்குப் போய் உக்காந்தா பாதிப் பேரு வந்தே இருக்க மாட்டாங்க.

இது எதுலயும் அடங்கல, வாரக்கணக்குல தூக்கம் இல்ல, சோறு எறங்கல, செத்துப்போலாமான்னு நினைப்பு ஓடுதுன்னா, அது நாட்டுப்புறத்து மாமன் பாக்கற வைத்தியம் இல்ல. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குக் கெளம்பு, நானும் கூட வர்றேன். ராத்திரியில பஸ் இல்லைன்னா 14416-க்குப் போன் போடு. டெலிமானஸ்னு 2022 அக்டோபர்ல சர்க்கார் ஆரம்பிச்சது. காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம், எந்நேரமும் ஆள் இருப்பாங்க. நீ சொல்றதைக் கேட்டு அவங்க சிரிக்க மாட்டாங்க, மாப்ளே. சிரிக்கறதுக்கு நான் இருக்கேன்.