இடது காலுக்கு வேலை இல்லை

இடது காலை எங்கே வைப்பதென்று தெரியாத ஒரு தலைமுறை இப்போது பூச்சோங்கில் கார் ஓட்டுகிறது. என் மகள் எடுத்திருப்பது டிஏ உரிமம். ஆட்டோ கார் மட்டும் ஓட்டலாம், கிளட்ச் உள்ள வண்டியைத் தொடக்கூடாது. மாலையில் எல்டிபி நெடுஞ்சாலை நகராமல் நிற்கும்போது அவள் அந்தக் காலை மடித்து இருக்கைமேல் போட்டுக்கொண்டு வானொலிப் பாட்டுக்குத் தலையாட்டுகிறாள். பார்க்கப் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எங்கள் காலத்தில் ஒருவனுடைய தராதரமெல்லாம் அந்தக் காலில்தான் இருந்தது என்பதை அவளிடம் எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது?

நான் சொல்வது இந்த நெடுஞ்சாலை திறந்த 1999-க்கும், ஐஓஐ மால் வந்த 1996-க்கும் வெகு முன்னால். பழைய கிள்ளான் சாலையிலிருந்து கின்ராரா பக்கமாக இறங்கி வரும் ஒற்றைச் சாலை. ஒரு புறம் பால்மரம், மறுபுறம் ஈயலம்பத்தைத் தோண்டி முடித்துவிட்டுப் போனவர்கள் விட்டுச்சென்ற வெள்ளை மணலும் குட்டைகளும். முன்னால் ஒரு மணல் லோரி மாட்டிக்கொண்டால் பதினான்காம் கட்டை வரைக்கும் அதன் புழுதிதான் நமக்குக் காற்று. அந்த மணல்வெளியில்தான் மாமா தன் டட்சன் 120ஒய்-யை நிறுத்தி, "ஏறுடா" என்றார். நான்கு கியர். கிளட்ச் தகடு எங்கே கவ்வுகிறது, எந்த நொடியில் எஞ்சினின் சுழற்சி சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பதையெல்லாம் பிற்பாடு கல்லூரியில் படம் போட்டு விளக்கினார்கள், மாமாவின் பாடம் ரத்தினச் சுருக்கம்: "கால்ல தெரியும்." தெரியவில்லை. வண்டி குலுங்கும், விக்கும், செத்துப்போகும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்மண்டையில் ஒன்று விழும். "வண்டி மேல தப்பில்ல. உன் காலு மேல."

கால் ஒருவழியாகப் படிந்த பிறகு வந்ததே ஒரு மிதப்பு, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வலது முழங்கை ஜன்னலுக்கு வெளியே, இடது கை எப்போதும் கியர் பிடியின்மேல், நேர் சாலையில் போகும்போதும் அங்கேதான், ஏதோ நான் கையை எடுத்தால் வண்டியே பிரிந்து விழுந்துவிடும் என்பதுபோல. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, சத்தமே இல்லாமல் கியரை நுழைக்கிற வித்தையை பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வாசலில்தான் காட்டுவேன். யாரும் திரும்பிப் பார்த்ததாக ஞாபகமில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்த வித்தையின் சிறப்பு என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது.

அந்தச் சாலையின் குழிகள் மாதாமாதம் ஒரு ரிம்மையாவது நெளித்துவிடும். பதினான்காம் கட்டையில் தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறை இருந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி மெக்கானிக்கை ஃபோர்மேன் என்போம். அவர் இரும்பு ரிம்மைத் தண்டவாளத் துண்டின்மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிச் சுற்றிப் பார்த்து, சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் சோற்றுப் பானையின் வாய் மாதிரி வட்டமாகிவிடும். கூலி சில்லறைதான். ஒருமுறை நட்டுத் துளைக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசலைக் கண்டவர், "இத ஒட்டவும் செய்யலாம், காசும் வாங்கலாம், தரமாட்டேன் தம்பி" என்றார். அத்தோடு விடவில்லை. பழைய இரும்புக் குவியலில் போட்டால் வேறு எவனாவது பொறுக்கிக்கொண்டு போய் மாட்டிவிடுவான் என்று, பெரிய சுத்தியலை எடுத்து அதை உருத்தெரியாமல் நசுக்கினார். அரை நாள் வேலை கெட்டது.

இப்போது அதே வட்டாரத்தில் ரிம் கடைகள் குளிர்சாதனத்தோடு இருக்கின்றன, வெளியே போகாமலேயே காப்பி கிடைக்கிறது. மகளின் காரில் இருப்பது அலுமினிய ஸ்போர்ட் ரிம், அதைச் சுற்றி நாடாபோல் மெல்லிய டயர். இரும்பு நெளியும், இது குழியில் விழுந்தால் வெடிக்கும். வெடித்ததை ஆர்கான் வாயுவில் பற்றவைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நீட்டுகிறார்கள். வார்ப்பு அலுமினியத்துக்கு வலுவே அதைச் சூடாக்கித் தணித்துப் பதப்படுத்துவதில் வருகிறது; பற்றவைக்கும் வெப்பம் அந்த இடத்துப் பதத்தைக் கெடுத்துவிடும் என்று நான் சொன்னபோது, கடைக்காரப் பையன் மிகுந்த மரியாதையோடு, "மேல பாத்தா தெரியாது அங்கிள்" என்றான்.

ரோட்டோரக் கடையை மட்டும் குறை சொல்வானேன். மலேசியாவில் 1967-இலிருந்து பொறியாளர்களைப் பதிவுசெய்ய ஒரு சட்டம் இருக்கிறது. பொதுமக்களின் பாதுகாப்பே எல்லாவற்றுக்கும் மேல் என்பது அதன்கீழ் வந்த நடத்தை விதி. உலகெங்கும் பொறியாளர் அமைப்புகள் ஏறக்குறைய இதையே எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் ஃபோர்டு கம்பெனி ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களில் பவர்ஷிஃப்ட் என்ற கியர்பாக்ஸைப் போட்டது. இங்கும் அவை ஓடின. உள்ளே இரண்டு உலர் கிளட்ச், ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று, மிதிப்பது கணினி. நெரிசலில் ஊர்ந்தால் அது குலுங்கியது. ஆஸ்திரேலியாவில் முறையிட்ட வாடிக்கையாளர்களுக்கு என்ன பதில் கிடைத்தது தெரியுமா? நீங்கள் ஓட்டுகிற விதம் சரியில்லை. கிளட்ச் கம்பெனியுடையது, அதை மிதிக்கும் காலும் கம்பெனியுடையது, பின்மண்டையில் அடி மட்டும் வாடிக்கையாளருக்கு. குலுக்கலுக்குக் காரணம் தன் தயாரிப்பின் தரக் குறைதான் என்று அறிந்துகொண்டே அப்படிச் சொன்னதற்காக 2018 ஏப்ரலில் அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அறியாமல் சொல்லியிருந்தால்கூட மன்னிக்கலாம். எங்கள் மாமாவும் அப்படித்தானே, அந்த டட்சனின் கிளட்ச் தகடு தேய்ந்து ஓடாகியிருந்ததை விற்கும்போதுதான் கண்டுபிடித்தார்.

நம் புரோட்டோன் கதை இன்னும் வேடிக்கை. 1985-இல் சாகா வந்தபோது தோட்டமே திரண்டு வேடிக்கை பார்த்தது. 2011-இல் அதே பெயர் வண்டிக்குக் கியரே மாறாத சிவிடி வந்தது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் எஃகுப் பட்டை, முடிவில்லாத விகிதங்கள் என்றார்கள். 2019-இல் அதைக் கழற்றிவிட்டு ஹியூண்டாயின் நான்கு வேக ஆட்டோ கியர்பாக்ஸை மாட்டினார்கள். ஊரே மெச்சியது. என் மகள் வாங்கியதும் அதுதான். ரிம் மட்டும் அவள் ஆசைக்குப் பெரிதாகப் போட்டது.

கிள்ளானில் இருக்கும் மாமாவைப் பார்க்க அதில் போனோம். கைத்தடியோடு வாசலுக்கு வந்து சுற்றிப் பார்த்தார்.

"எத்தன கியரு?"

"நாலு மாமா."

"நம்ம டட்சன் மாதிரி. அப்ப நானே ஓட்டலாம்."

"கிளட்ச் கிடையாது மாமா."

குனிந்து உள்ளே எட்டிப் பார்த்து, இரண்டே மிதி இருப்பதை உறுதி செய்துகொண்டார். "அப்ப குலுங்குச்சின்னா யார திட்டுவீங்க?"

"கம்பெனிக்கு எழுதணும் தாத்தா" என்றாள் மகள்.

"எழுது, எழுது" என்றார் மாமா, "ஓட்டுனது யாருன்னு கேட்டா மட்டும் என் பேரச் சொல்லாத."